துளை சின்னது, அறுவை சின்னதில்லை

சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் நுரையீரல் அறுவைக்குப் புதிதாக வரும் டாக்டர்கள் வயதானவர்களின் கோப்புகளை என்னிடம் நீட்டும்போது, ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளே திரும்ப வருவதைப் பார்க்கிறேன். புகையை நிறுத்தச் சொல்வது, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைக் கவனிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஊதும் டெஸ்ட்டை மட்டும் நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. 76 வயதுப் பெரியவர், வலது நுரையீரலின் கீழ் மடலில், அதாவது அடிப் பகுதியில், புற்றுநோய்க் கட்டி. ஊதும் டெஸ்ட்டான ஸ்பைரோமெட்ரி நன்றாக இருந்தது, கேமரா விட்டுச் செய்யும் மூன்று துளைதானே, தாங்குவார் என்று மடலை எடுத்தேன். காயம் சுத்தமாக ஆறியது. ஆனால் குளியலறை வரை போய்வந்தாலே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். வீட்டுக்கும் ஆக்சிஜனோடுதான் போனார். காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் டிஎல்சிஓ சோதனையை நான் கேட்கவே இல்லை.

நுரையீரலின் காற்றறைகள் சிதையும் எம்ஃபிசீமா இருந்தால் ஊதும் அளவு ஓரளவு நன்றாக வரலாம், ஆனால் டிஎல்சிஓ பாதியாக இறங்கியிருக்கலாம். கணக்கு எளிது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 19 கூறுகள் (மடலுக்குள் இருக்கும் சிறு பிரிவுகள்), வலது கீழ் மடலில் மட்டும் 5. டிஎல்சிஓ இயல்பான அளவில் 48 சதவீதம் என்றால் அதை 14/19-ஆல் பெருக்குங்கள், அறுவைக்குப் பிறகு மிஞ்சுவது 35. இப்படி மிஞ்சுவது 60-க்குக் கீழே வந்தாலே படி ஏற்றிப் பார்க்க வேண்டும், 22 மீட்டர் உயரம் ஏற முடியாவிட்டால் சைக்கிள் மிதிக்கவைத்து ஆக்சிஜன் பயன்பாட்டை அளக்க வேண்டும், 30-க்கும் கீழே என்றால் நேராக அந்தச் சோதனைதான். இப்போதெல்லாம் நோயாளியின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிவிட்டு நானும் கூடவே ஏறுகிறேன். எந்தப் படியில் பேச்சு நிற்கிறது என்பதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது.

எல்லோருக்கும் முழு மடல்

ஓரமாக இருக்கும் 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி என்றால், மடலின் ஒரு கூறு மட்டும் எடுத்தால் போதுமா என்று முதலில் யோசியுங்கள். 2022-இல் வந்த ஜப்பான் ஆய்வில் அப்படிச் செய்தவர்களின் ஆயுள் குறையவில்லை. கட்டி அதே பக்கம் திரும்பியது மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதையும் நோயாளியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வயதைக் காட்டி மறுப்பது

கூடாது. ஆளைப் பாருங்கள்.

நெஞ்சைத் திறக்கத் தயங்குவது

துளை வழியே செய்யும்போது ரத்தக்குழாய் கிழிந்தால் அழுத்திப் பிடியுங்கள், மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள், அடங்காவிட்டால் நெஞ்சைத் திறந்துவிடுங்கள். அது தோல்வி இல்லை.

முதல் சில இரவுகள்

பெரியவர் இரவில் குழம்பிப்போய், நெஞ்சில் இருக்கும் குழாயைப் பிடுங்கப் பார்ப்பார். உடனே தூக்க ஊசிக்குப் போகாதீர்கள். வலி இருக்கிறதா, ஆக்சிஜன் குறைந்திருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.