சும்மா கிடக்கும் பணம்: குடும்பச் சேமிப்பிலும் கடனிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டுப் பெரியவர்களுக்குப் பணம் சும்மா கிடப்பது பிடிக்காது. நாலு காசு சேர்ந்தால் இன்னும் இரண்டு தறி போடுவார்கள், பக்கத்துக் காட்டை வாங்குவார்கள், சீட்டில் சேர்வார்கள், தெரிந்தவருக்கு இரண்டு வட்டிக்குக் கொடுப்பார்கள், ஒன்றும் இல்லையென்றால் ஒரு பவுன் எடுத்து வைப்பார்கள். திருப்பூரின் பனியன் தொழிலையும் சோமனூர், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிகளையும் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளையும் வளர்த்தது இந்தத் துணிவுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தொழிலுக்கு ஏற்ற அந்தக் கணக்கை அவசரத்துக்கென்று ஒதுக்க வேண்டிய பணத்துக்கும் போட்டுப் பார்ப்பதுதான், நான் அருகிலிருந்து பார்த்த குடும்பங்களில் பல கடன்களுக்குத் தொடக்கமாக இருந்திருக்கிறது.

பல்லடத்துக்கு அருகே எட்டுத் தறி வைத்து கூலிக்கு ஓட்டும் உறவினர் ஒருவரின் மகனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வயிற்றுவலி வந்தது. குடல்வாலை உடனே அறுவை செய்து எடுக்க வேண்டும், முன்பணம் 40,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். அந்தக் குடும்பம் இல்லாத குடும்பம் அல்ல. ஐந்து லட்ச ரூபாய்ச் சீட்டில் பதினோரு தவணை கட்டியிருந்தார்கள். வங்கி லாக்கரில் பதினான்கு பவுன் இருந்தது. ஒன்றரை லட்சம் ரூபாய் சொந்தத்தில் ஒருவரிடம் வட்டிக்கு நின்றது. சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடிந்து வீட்டில் மிஞ்சியிருந்த ரொக்கம் 6,200 ரூபாய். அந்த இரவில் ஐந்து வட்டிக்கு வாங்கிய 40,000 ரூபாயை, அடுத்த மாதம் சீட்டு எடுத்து அடைத்துவிடலாம் என்று தள்ளித் தள்ளி, பதினான்கு மாதம் வைத்திருந்தார்கள். மாதம் 2,000 வீதம் 28,000 ரூபாய் வட்டியாகவே போயிற்று.

இங்கே நடந்த தவறு சேமிக்காமல் இருந்தது அல்ல. எடுக்க முடியாத இடத்தில் இருந்த சேமிப்பையெல்லாம் அவசர நிதி என்று எண்ணிக்கொண்டிருந்ததுதான். சீட்டைப் பாருங்கள். ஏலம் மாதத்தில் ஒரு நாள்தான் நடக்கிறது, அந்த நாள் நம் அவசரத்தைக் கேட்டு வருவதில்லை. கட்டாயத்தில் இருப்பவர் சீட்டுத் தொகையில் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தள்ளுபடி விட்டு எடுக்க வேண்டியிருக்கும், எடுத்த பிறகும் ஜாமீன் காட்டித்தான் பணத்தைப் பெற முடியும். சீட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டதா என்று பார்த்துச் சேர்ந்தால், தெரிந்தே வரும் செலவுகளுக்கு அது நல்ல கட்டுப்பாடு. பெண்ணின் சீரும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் நாள் தெரிந்த செலவுகள் என்பதால் அவற்றுக்குச் சீட்டு பொருந்தும். உண்மையில், இப்படித் தெரிந்த செலவுகளை அவசரம் என்று பெயரிட்டு அவசர நிதியில் கை வைப்பதும் ஒரு தவறுதான்.

எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டால், மாதச் சம்பளக்காரர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதச் செலவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வாரக் கூலியையோ தறியையோ மஞ்சள் விலையையோ நம்பியிருக்கும் வீட்டுக்கு ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. நமக்கு வரும் நெருக்கடி ஒரு வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. ஊருக்கே சேர்ந்து வருகிறது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020இல் ஊரடங்கின்போதும், 2022இன் தொடக்கத்தில் கூலி உயர்வுக்கான போராட்டத்தில் தறிகள் வாரக்கணக்கில் நின்றபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோதும் இதைத்தான் பார்த்தோம். அப்படிப்பட்ட நேரத்தில் கைமாற்று கொடுக்கக்கூடிய பங்காளியும் மாமனும் மச்சானும் அதே நெருக்கடியில்தான் இருப்பார்கள். சொந்தபந்தத்தை அவசர நிதியாக எண்ணுவது இதனால்தான் ஆபத்தாகிறது.

கணக்கை வருமானத்திலிருந்து போடாமல் செலவிலிருந்து போட வேண்டும். வாடகை, மளிகை, பால், கரண்ட் பில், மருந்து, கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 28,000 ரூபாய் ஆகும் வீட்டுக்கு ஆறு மாதத் தொகை 1,68,000 ரூபாய். இதை ஒரே மூச்சில் சேர்க்க முடியாது. முதலில் ஒரு மாதச் செலவை எட்டினாலே நள்ளிரவில் அடுத்தவர் கதவைத் தட்டும் நிலை பெரும்பாலும் மாறிவிடும். தீபாவளி போனஸ் வரும் வீடுகளில் துணிக்கடைக்குப் போவதற்கு முன்பே அதில் கால்பங்கை ஒதுக்கிவிடலாம்.

அந்தப் பணம் இருக்க வேண்டிய இடம் வங்கிதான், அதுவும் கணவன் மனைவி இருவரில் எவர் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு. ஒரு பகுதியைச் சேமிப்புக் கணக்கிலும் மிச்சத்தை எப்போது வேண்டுமானாலும் முறிக்கக்கூடிய வைப்புத் தொகையிலும் வைக்கலாம். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வட்டி கூடுதலாகக் கிடைக்கிறது என்று அவசர நிதியை வெளியே போடுபவர்களுக்கு, 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டவர்களை நினைவூட்டினால் போதும். அத்தகைய மோசடிகளுக்காக, பணம் போட்டவர்களின் நலனைக் காக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் கோவையில் தனி நீதிமன்றமும் இருக்கின்றன. ஆனாலும் போன பணத்தில் ஒரு பங்காவது திரும்பி வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடனில் நாம் செய்யும் முதல் தவறு வட்டியை நூற்றுக்கு இத்தனை என்று மாதக் கணக்கிலேயே பேசிப் பழகியது. இரண்டு வட்டி என்பது காதுக்குச் சிறியதாகக் கேட்கிறது. அது ஆண்டுக்கு 24 சதவீதம். அசல் அப்படியே நிற்க, 50 மாதத்தில் வாங்கிய தொகை முழுவதும் வட்டியாகப் போயிருக்கும். தண்டல் கடனில் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்கிறார்கள். நூறு நாளுக்கு 1,500தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், முழுத் தொகையும் முழுக் காலத்துக்கு நம்மிடம் இருப்பதில்லை. அதைக் கணக்கில் கொண்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 சதவீதம் ஆகிறது. கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருவதும் இதே வழிதான்.

வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் பெரிய தொகையை வைத்துக்கொண்டு வெளியில் 24 சதவீதம் கட்டுபவர்களும் உண்டு. கையிலுள்ள கடைசி ரூபாய் வரை கடனுக்குக் கட்டிவிட்டு அடுத்த காய்ச்சலுக்கு அதே பைனான்ஸ்காரரிடம் போய் நிற்பவர்களும் உண்டு. ஒரு மாதச் செலவைத் தொடாமல் வைத்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் வட்டி அதிகமுள்ள கடனுக்கு முதலில் கட்டி, அது முடிந்த பிறகு நிதியை ஆறு மாதத்துக்கு உயர்த்துவதே சரியான வரிசை என்று நான் நினைக்கிறேன். வெளியில் வாங்கும் இந்த வட்டிக் கடன்களைவிட நகைக்கடன் எவ்வளவோ நல்லது. ஆனால் ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதும், பவுன் விலை ஏறியதால் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று மறு அடகில் இன்னும் வாங்குவதும் நகையை மீட்க முடியாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடும்.

சம்பளம் குறைகிறது என்று இஎஸ்ஐ, பிஎஃப் பிடிக்காத கம்பெனியாகத் தேடிப் போவதையும் இங்கே சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு இஎஸ்ஐ மூலம் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு அந்தச் சுமையையும் அவசர நிதியின் தலையில் ஏற்றக் கூடாது.

ஜாமீன் கையெழுத்தை மரியாதை என்று எண்ணிப் போட்டுவிடுகிறோம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. வாங்கியவரை விட்டுவிட்டு நேராக நம்மிடமே வந்து கேட்கவும் முடியும். எனவே அந்தத் தொகையை நம்மால் கட்ட முடியுமா என்று வீட்டில் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

வீட்டில் கேட்பது என்று எழுதும்போதே எனக்கு ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. கணவர் பைக் விபத்தில் இறந்த பதினாறாம் நாள் முடிந்ததும், மூன்று பேர் அவர் கடனுக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டுகளோடு வந்தார்கள். அவர் வெளியில் கொடுத்திருந்த பணத்துக்கான நோட்டுகள் பீரோவில் துணிக்கு அடியில் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு, வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டுக் கெடு தாண்டியிருந்தது. மனைவிக்கு இரண்டுமே தெரியாது. அவர் குழுக் கடன் வாங்கி வாரந்தோறும் கட்டி வந்ததும் கணவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒருவரை ஒருவர் கவலைப்படுத்தக் கூடாது என்று இருவரும் மறைத்திருக்கிறார்கள். கொடுக்கல் வாங்கல், சீட்டு, அடகுச் சீட்டு, காப்பீடு, நாமினி ஆகிய எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து பார்ப்பதற்கு அரை மணி நேரம்தான் ஆகும். விவரம் தெரிந்த பிள்ளைகளையும் உடன் உட்கார வைக்கலாம்.

பல்லடத்து உறவினர் ஒரு லட்சத்தைத் தனியாக வைக்கப் போகிறேன் என்று சொன்னபோது, அவருடைய தாயார், "பூட்டி வெச்சா அது குஞ்சு பொரிக்குமா கண்ணு?" என்று கேட்டார். சென்ற ஆண்டு அந்த அம்மாவுக்கே கால் முறிந்தபோது அதிலிருந்து 18,000 ரூபாய் எடுத்தார்கள், யாரிடமும் கேட்காமல். எடுத்ததைத் திரும்ப நிரப்பாமல் விடுவதுதான் இந்த நிதியில் கடைசியாக நடக்கும் தவறு. அவர்கள் பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, சனிக்கிழமைதோறும் ஆயிரம் ரூபாய் போட்டுத் தேதியை எழுதி வந்தார்கள். பதினெட்டாவது தேதி அந்த அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது.