கார் பெயின்ட்டில் மரப்பிசின்: செய்யக் கூடாதவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசம் கொளுத்தும் கோடையில்தான் வருகிறது. காவடி பார்க்கப் போகிறவர்கள் மர நிழல் தேடித்தான் காரை நிறுத்துவார்கள். அங்குள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டு வாசலிலேயே மாமரம் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்புறம் பார்த்தால் பானட்டெங்கும் பிசுபிசுவென்று புள்ளிகள். உடனே விரல் நகத்தால் சுரண்டத் தொடங்குகிறோம். முதல் தவறு அங்கேதான்.

காரின் மேல்பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் கனம்தான் இருக்கும். தலைமுடியைவிட மெல்லியது. காய்ந்த பிசினுக்குள் மணலும் தூசியும் சிக்கியிருக்கும். நகமோ பிளேடோ பாத்திரம் தேய்க்கும் நாரோ பட்டால் அந்த மணல் பெயின்ட்டின் மேல் இழுபடும். கறுப்பு வண்டியில் அந்தக் கீறல் வெயில் பட்டதும் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு தவறு, ஒட்டியிருப்பது என்ன என்று பார்க்காமலே ஸ்பிரிட்டைத் தேடுவது. மரத்தடியில் கண்ணாடியிலும் கூரையிலும் பொடிப்பொடியாகச் சொட்டியிருப்பது பல சமயம் பிசினே அல்ல; இலையில் இருக்கும் அசுவினியும் செதில் பூச்சியும் வெளியேற்றும் சர்க்கரைக் கழிவு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு வையுங்கள். கரைந்து வந்தால் அது சர்க்கரை, வேலை அத்தோடு முடிந்தது. விட்டுவைத்தால் அதில் கரும்பூஞ்சை படரும். கரையாமல் கெட்டியாக நின்றால்தான் அது உண்மையான பிசின். பைன் மரப் பிசின் அப்படித்தான், வெறும் தண்ணீருக்கு அசையாது.

அதற்காகப் பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் என்று கைக்குக் கிடைத்ததை எடுக்கவே கூடாது. பேனல் பீட்டரிடம், அதாவது நசுங்கிய தகட்டைச் சரிசெய்பவரிடம் கொடுத்து மறுபடி பெயின்ட் அடித்த பழைய வண்டி என்றால் தின்னர் பட்ட இடத்தில் பெயின்ட்டே இளகி வந்துவிடலாம். கெமிஸ்ட்டில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். அதையும் முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் தொட்டுப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஹெட்லைட் பிளாஸ்டிக்கிலும் ரப்பர் ஓரங்களிலும் படவிட வேண்டாம். பக்கத்தில் சிகரெட்டும் நெருப்பும் கூடாது.

பலர் அவசரப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான். முதலில் வண்டியைக் கழுவித் தூசியைப் போக்குங்கள். மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையை ஆல்கஹாலில் நனைத்து, பிசின் மேல் வைத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை சும்மா பிடித்திருங்கள். தேய்க்க வேண்டாம். விளிம்பு இளகி, துணி லேசாக ஒட்டி இழுக்கும். அப்போது ஒரே பக்கமாக ஒற்றி எடுங்கள். மிச்சம் இருந்தால் துணியின் சுத்தமான பகுதியால் மறுபடி. அதே அழுக்குப் பகுதியால் வட்டமாகத் தேய்த்தால் இளகிய பிசின் பானட் முழுக்கப் பரவிவிடும்.

வெயிலில் நிற்கும் வண்டியில் இதைச் செய்யாதீர்கள். தகடு சுட்டால் ஆல்கஹால் வேலை செய்யும் முன்பே ஆவியாகிவிடும். புறங்கையை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

சமையல் எண்ணெய் தடவுவது சிலர் வழக்கம். புதுப் பிசினை அது இளக்கும், சரி. ஆனால் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் விட்டால் தெருத்தூசி மொத்தமும் அங்கே வந்து ஒட்டும்.

ஆல்கஹால் பட்ட இடத்தில் மெழுகுப் பூச்சும் போயிருக்கும். கழுவித் துடைத்து அந்த இடத்துக்கு வாக்ஸ் போடுங்கள். பிசின் போன பிறகும் மங்கலான வட்டம் தெரிந்தால் அது கிளியர் கோட்டிலேயே விழுந்த தடம். ஆல்கஹாலால் இன்னும் தேய்ப்பதில் பயனில்லை. அது பாலிஷ் போட்டுச் சரிசெய்ய வேண்டிய வேலை.