திரும்பத் திரும்பப் பிரளும் கரண்டைக்காலைத் தேற்றுவது எப்படி

எனக்கு முதல் தடவை கால் பிரண்டது கரப்பந்து விளையாடும்போது. அடுத்தது கல்லடிக் கடற்கரை மணலில். மூன்றாவது தடவை வீட்டுப் படியில், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு. ஒவ்வொரு முறையும் எண்ணெய் போட்டு உருவி, பத்துப் போட்டு, வீக்கம் வடிந்ததும் சரி என்று விட்டுவிட்டேன், அதுதான் நான் விட்ட பிழை.

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது கரண்டையின் வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார் இழுபட்டுக் கிழிகிறது. பாதம் எந்தச் சரிவில் நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அந்த நாரில்தான் இருக்கின்றன, அதனால் நார் ஆறினாலும் அந்த உணர்வு மந்தமாகவே கிடக்கலாம். கால் மடங்குவதைத் தடுக்கவேண்டிய வெளிப்பக்கத் தசை பிந்தித்தான் இழுக்கும். உருவுவதால் இது திரும்பாது, பழக்கித்தான் எடுக்கவேண்டும்.

புதிதாகப் பிரண்டு நாலு எட்டுக்கூட வைக்க முடியாமலோ, கரண்டை எலும்பை அழுத்தினால் வலித்தோ இருந்தால் முதலில் எக்ஸ்ரே. மற்றதெல்லாம் அப்புறம்.

வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் ஒற்றைக் காலில் 30 விநாடி நின்று பாருங்கள், முதலில் நல்ல கால், பிறகு மற்றது. பழுதான காலில் விரல்கள் தரையைப் பிறாண்டும், கரண்டைக்குப் பின்னால் நரம்பு துடிப்பதுபோல் ஆடும். இதையே தினமும் பல் விளக்கும்போது செய்யுங்கள். ஆட்டம் குறைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, அதுவும் பழகினால் மடித்த தலையணைமேல் ஏறி, கடைசியில் சுவரில் பந்தெறிந்து பிடித்தபடி. விழாமல் பிடிக்கப் பக்கத்தில் கதவோ சுவரோ இருக்கட்டும்.

தசைக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும். கதிரையில் இருந்துகொண்டு, டியூப்பின் ஒரு முனையை மற்றக் கால் பக்கமாக உள்ள மேசைக்காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுத்து, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாகத் திரும்ப விடுங்கள். முழங்கால் திரும்பக்கூடாது, அது திரும்பினால் வேலை செய்வது தொடைதான். 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று. கூடவே குதிகாலை உயர்த்தி இறக்குவதும், குதிகால் கிளம்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுவதும் வேண்டும்.

குறைந்தது ஆறு கிழமை. அதுவரை கடற்கரையில் நடக்காதீர்கள், அலையோரச் சரிவில் கடல் பக்கத்துக் கால், வெளி விளிம்பு தாழ்ந்து பாதம் உள்பக்கம் மடங்கினபடியேதான் மிதிக்கும், ஏற்கெனவே பிரண்டதும் அப்படித்தான். வயல் வரம்பும் அப்படித்தான், கடைசிப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாடப் போவதற்குமுன் ஒற்றைக் காலில் மூன்று தாண்டு தாண்டி அளந்து பாருங்கள். நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வரவேண்டும். முதல் சில மாதம் கரண்டைக்குப் பட்டியோ டேப்போ போட்டே இறங்குங்கள், கிறேப் பண்டேஜ் அந்த அளவுக்குத் தாங்காது. மாதக்கணக்காக ஒழுங்காகச் செய்தும் கால் பிரண்டுகொண்டே இருந்தால் எலும்பு வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள், நாரை இறுக்கித் தைக்கும் சத்திரசிகிச்சையும் இருக்கிறது.