பாளையங்கோட்டையில் ஒரு குடும்ப ஸ்டுடியோவின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

தாத்தா தொடங்கி, பெரியப்பாவும் அப்பாவும் நடத்தி, இன்று பூட்டிக் கிடக்கும் போட்டோ ஸ்டுடியோவின் வரலாற்றை எழுத விரும்புகிறவர், முதலில் படங்களை அல்ல, ரசீதுப் புத்தகங்களையும் பதிவேட்டையும் தேடி எடுக்க வேண்டும். நெகட்டிவ் உறையின் மேல் எழுதிய எண்ணுக்குரிய பெயரும் தேதியும் பதிவேட்டில்தான் இருக்கும். அது செல்லரித்துப் போனால், ஆயிரக்கணக்கான முகங்கள் பெயரின்றி நின்றுவிடும். ஆகவே பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் முதல் நாளே படமெடுத்து வையுங்கள். உறைகளை அவை இருந்த வரிசையிலிருந்து கலைக்காதீர்கள்.

தேதி இல்லாத படங்களுக்குக் காலம் குறிக்க, அவற்றின் அட்டையும் முத்திரையும் உதவும். ரசீதில் விலை அணாக் கணக்கில் இருந்தால், அது பெரும்பாலும் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தையது. முகவரியில் பின்கோடு அச்சாகியிருந்தால், அது 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்றிருந்தால், 1986இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிந்த பின் அடித்த அட்டை என்று கொள்ளலாம். பழைய அட்டைகள் தீரும்வரை கடைக்காரர் அவற்றையே பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதால், எதையும் ஒரே சான்றை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

கல்லூரிகள் நிறைந்த ஊர் என்பதால், இங்குள்ள ஸ்டுடியோவின் வரலாற்றில் பாதி மாணவர்களின் வரலாறுதான். தூய யோவான் கல்லூரி 1878இலும், சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தொடங்கப்பட்டவை. பட்டமளிப்பு அங்கியோடு ஒருவர் நிற்கும் படம் கிடைத்தால், அவர் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்றார் என்று அவர் குடும்பத்தாரிடம் கேளுங்கள். இப்பகுதிக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் அமைந்தபின் அதனோடும், 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானபின் அதனோடும் இணைந்திருந்தன. விடைபெறும் வகுப்பின் குரூப் போட்டோ எனக்கு மிகவும் அருமையானது. அதன் அட்டையில் வகுப்பும் ஆண்டும், அமர்ந்திருப்போர், நிற்போர் பெயர்களும் இடமிருந்து வலமாக அச்சாகியிருக்கும். அந்த ஒரு படம் பல உதிரிப் படங்களில் உள்ளவர்களை அடையாளம் காட்டிவிடும்.

பெரியவர்களிடம் பேசப் போகும்போது கேள்வித் தாளோடு போகாமல், நாலைந்து படங்களைக் கையில் கொண்டு போங்கள். "தாத்தா எப்போது கடை வைத்தார்?" என்று ஆச்சியிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். "படம் கழுவத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஆச்சி?" என்று கேட்டால், டார்க் ரூமின் சிவப்பு விளக்கும், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்தின் வாடையும், கொடியில் உலர்ந்த பிரிண்டுகளும், நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்த கையும் அவர் பேச்சில் வந்து சேரும். தண்ணீரைப் பற்றிய கேள்வி அற்பமானதல்ல. ஹைப்போ சரியாகக் கழுவப்படாத பிரிண்டுகள் ஆண்டுகள் கழித்துப் பழுப்பேறும். எந்தக் காலத்துப் படங்கள் அப்படி ஆகியுள்ளன என்பதும் குறித்துவைக்க வேண்டியதே.

ஸ்கேன் செய்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். நெகட்டிவின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள். பிரிண்டுகளை லேமினேஷன் செய்யாதீர்கள். புளிக்காடி வாடை வீசும் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதையே ஸ்கேன் செய்யுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் போல வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்திருந்தால், பிய்க்க முயலாமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும்.

பதிவேட்டில் உள்ளவர்கள் உங்கள் குடும்பத்தின் வாடிக்கையாளர்கள். கல்யாணப் பேச்சுக்காக எடுத்த பெண்ணின் படத்தையும், இறந்தவரை அமரவைத்து எடுத்த படத்தையும் அவர்கள் வீட்டாரின் சம்மதம் பெறாமல் வெளியிடக் கூடாது. அவர்களைத் தேடிப் போகும்போது ஒரு பிரதியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அந்த முகத்தின் ஒரே படம் உங்கள் அலமாரியில் மட்டும் இருந்திருக்கக்கூடும்.