திபிலிசியில் வங்கிக் கணக்கு தொடங்கியது: என் அனுபவம்

அமெரிக்கர்கள் ஜார்ஜியா நாட்டில் விசா இல்லாமலே 365 நாள் தங்கலாம். வந்து இறங்குவது சுலபம். என்னை இழுத்தடித்தது வங்கிக் கணக்குதான். என் நீல நிற அமெரிக்க பாஸ்போர்ட்டைப் பார்த்ததுமே கவுன்டரில் இருந்தவர் முகம் மாறிவிட்டது. காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினார்கள்.

விசாரித்ததில், 2010-ல் வந்த அமெரிக்காவின் ஃபாட்கா சட்டம்தான் சிக்கல் என்றார்கள். அமெரிக்கர்களின் கணக்கு விவரங்களை வெளிநாட்டு வங்கிகள் தெரிவித்தாக வேண்டும். அந்த வேலைக்குப் பயந்தே சிலர் தட்டிக்கழிக்கிறார்கள். சரி என்று, அமெரிக்கர்கள் தங்கள் வரி அடையாள எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவத்தில் என் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, வாடகை ஒப்பந்தத்தோடு வேறொரு வங்கிக்குப் போனேன். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து நீட்டினேன். கணக்கு கிடைத்தது.

அப்புறம், வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பிஏஆர் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையை அமெரிக்க அரசிடம் தாக்கல் செய்தாக வேண்டும்.