ஊதாக் கத்தி: ஸ்கைரிமுக்கு டெக்ஸ்சர் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் கேமுக்கு முதல் டெக்ஸ்சரை, அதாவது ஒரு பொருளின் மேல் போர்த்தும் படத்தை, ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்துவிட்டு, ஆசையாகக் கேமைத் திறந்தால் கையில் இருப்பது பளீரென்று ஊதா நிறக் கத்தி. உடனே படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருளைத் திறந்து நிறம் எங்கே கெட்டது என்று தேடுவோம். தேடி என்ன பயன்? படத்தில் குறையே இல்லை. ஒரு பொருளுக்கான டெக்ஸ்சர் ஃபைல் சொன்ன இடத்தில் கிடைக்காவிட்டால் ஸ்கைரிம் அந்தப் பொருளை ஊதாவாகக் காட்டும். அவ்வளவுதான் விஷயம்.

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். நாம் திரையில் பார்ப்பது ஒரு படம். கேம் எஞ்சின் படிப்பது எண்கள். நம் கண்ணுக்கு அழகாக இருப்பதும் எஞ்சினுக்குச் சரியாக இருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பினால் மாட்டிக்கொள்வோம். இங்கே நான் பேசுவது 2016இல் வந்த ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனைப் பற்றி. 2011இல் வந்த பழைய ஸ்கைரிம் டைரக்ட்எக்ஸ் 9 என்ற மைக்ரோசாஃப்ட் கிராபிக்ஸ் முறையில் ஓடுவது, இது 11இல் ஓடுவது. அந்த வித்தியாசம் கீழே ஓரிடத்தில் வேலைக்கு வரும்.

வரைவதற்கு முன்னால் கிளிப்பச்சை

கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் டெக்ஸ்சர்ஸ் என்று ஒரு ஃபோல்டர் வேண்டும். அதற்குள் கேம் எந்தப் பாதையில் எந்தப் பெயரில் ஃபைலைத் தேடுகிறதோ, அதே பாதை, அதே பெயர். ஒரு எழுத்து பிசகினாலும் உங்கள் படம் கேமின் கண்ணில் படாது. அந்தப் பாதை எழுதப்பட்டிருக்கும் இடம் நிஃப் எனப்படும் மெஷ் ஃபைல், அதாவது பொருளின் முப்பரிமாண வடிவம் இருக்கும் ஃபைல். நிஃப்ஸ்கோப் என்ற கருவியில் திறந்தால் தெரிந்துவிடும். பாதை டெக்ஸ்சர்ஸ் என்ற சொல்லில் தொடங்க வேண்டும். உங்கள் டெஸ்க்டாப் ஃபோல்டரின் பெயரெல்லாம் அதில் இருந்தால் துடைத்துவிடுங்கள்.

நான் செய்த முதல் வாளை நண்பனுக்குக் கொடுத்தேன். என் கம்ப்யூட்டரில் எல்லாம் சரி. அவனிடம் வாள் சரியாக இருந்தது, உறை மட்டும் ஊதா. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், அந்த உறையின் மெஷ் நான் என்றோ இறக்கி வைத்திருந்த வேறொரு மாடின் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் சேர்க்கை) டெக்ஸ்சரைக் கேட்டுக்கொண்டிருந்தது. என்னிடம் அந்த மாட் இருந்தது, அவனிடம் இல்லை. அன்றிலிருந்து எதை வெளியில் கொடுப்பதானாலும் மற்ற மாட்களை எல்லாம் அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் கேமில் பழைய படமே வரும். வேறொரு மாட் அதே ஃபைலை மாற்றியிருக்கும், வரிசையில் அதுதான் ஜெயிக்கும். மாட்களை நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசர் 2 வைத்திருப்பவர்கள் இடப்பக்கப் பட்டியலில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மோதல் இருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று. முழுப் படத்தையும் கிளிப்பச்சையால் நிரப்புங்கள் (ஊதாவை எஞ்சின் ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டது). நான்கு மூலைகளிலும் 1, 2, 3, 4 என்று பெரிதாக எழுதி சேவ் செய்து கேமில் பாருங்கள். பச்சை வந்தால் பாதை சரி. எண்கள் எங்கே விழுகின்றன என்பதை வைத்து யூவி (படத்தின் எந்தப் பகுதி பொருளின் எந்த இடத்தில் ஒட்டும் என்ற வரைபடம்) எப்படி விரிந்திருக்கிறது என்றும் புரிந்துவிடும். பல ஆயுதங்களில் கத்தியின் இரண்டு பக்கத்துக்கும் படத்தின் ஒரே பகுதியைத்தான் கண்ணாடி போலத் திருப்பிப் போட்டிருப்பார்கள். அப்படியானால் எண்கள் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் இடவலம் மாறியும் தெரியும். வாளில் தன் பெயரைத் தமிழில் பொறிக்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஒரு பக்கம் படிக்கும்படி இருக்கும், மறுபக்கம் ஆம்புலன்சின் முகப்பில் எழுதியது போல இருக்கும்.

மைன்கிராஃப்டுக்குச் செய்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே ஃபைல் பெயரில் பெரிய ஆங்கில எழுத்து இருக்கக் கூடாது. 1.13 பதிப்பில் பிளாக்ஸ் என்ற ஃபோல்டரின் பெயர் பிளாக் என்று ஒருமையாகிவிட்டது. பழைய பாடங்களைப் பார்த்துச் செய்தவர்கள் பலர் அந்த ஒற்றை எழுத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

அரிவாளும் மதிய வெயிலும்

இரும்பு வாளுக்கு நிஜமான துரு வேண்டும் என்று, வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய அரிவாளை எடுத்து ஃபோனில் படம் பிடித்தேன். நல்ல வெயில், படம் துல்லியமாக வந்தது. வெட்டி ஒட்டி, வாளின் மேல் போட்டு, கேமில் ஓட்டினேன். வெளியே பகலில் அருமை. ஒரு குகைக்குள் போனதும் குட்டு வெளிப்பட்டது. டார்ச் இடப்பக்கம் எரிகிறது, வாளின் வலப்பக்க விளிம்பு மட்டும் பளபளவென்று மின்னுகிறது. அது எங்கள் கொல்லையில் அடித்த பன்னிரண்டு மணி வெயில். படத்தோடு சேர்ந்து வந்துவிட்டது.

டெக்ஸ்சரின் நிறப் படத்தில் வெளிச்சமும் நிழலும் இருக்கக் கூடாது. அவற்றைப் போடுவது எஞ்சினின் வேலை. நாமும் போட்டால் ஒரு பொருளுக்கு இரண்டு சூரியன். ஃபோட்டோ எடுப்பதானால் மேகமூட்டமான நாளிலோ திண்ணை நிழலிலோ எடுங்கள், ஃபிளாஷை அணையுங்கள், பொருளுக்கு நேர் மேலே ஃபோனைப் பிடியுங்கள். இரண்டாம் முறை அரிவாளைத் திண்ணையில் ஒரு சாம்பல் நிறத் துணியின் மேல் வைத்து எடுத்தேன். பார்க்கச் சப்பென்று, உயிரில்லாத படமாக இருந்தது. கேமில் அதுதான் உயிரோடு இருந்தது. சப்பென்று இருக்கிறதே என்று கான்ட்ராஸ்டை ஏற்றும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

சுவர், தரை மாதிரி திரும்பத் திரும்ப அடுக்கும் படங்களில் வேறு கவலை. ஓரங்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஜிம்பிலும் ஃபோட்டோஷாப்பிலும் ஆஃப்செட் கருவி இருக்கிறது. படத்தைப் பாதியளவு நகர்த்தினால் தையல் நடுவில் வந்து நிற்கும், அங்கே ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம். தையலைச் சரிசெய்த பெருமையில் பலரும் மறப்பது, படத்தில் தனித்துத் தெரியும் ஒரு கறை. ஒரு கல்லில் மட்டும் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தால், இருபது முறை அடுக்கிய சுவரில் அது புள்ளிக்கோலமாகிவிடும்.

நார்மல் மேப்: இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள்

மேடு பள்ளத்தைச் சொல்லும் படம் நார்மல் மேப். பெயரின் கடைசியில் அடிக்கோடு போட்டு ‘என்’ என்ற எழுத்து வரும். பார்க்க இளநீலமாக இருக்கும். தட்டையான இடத்தின் எண்கள் 128, 128, 255. இது நிறப் படம் போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு திசையைச் சொல்கிறது. எனவே இதில் பிரைட்னஸை ஏற்றுவது, மேலே மென்மையாக ஒரு நிறத்தைப் பூசுவது எல்லாம் திசையைக் கெடுக்கும் வேலை. சேவ் செய்யும்போது எஸ்ஆர்ஜிபி என்ற தேர்வையும் விட்டுவிடுங்கள். அது நிறப் படத்துக்கானது.

பச்சைச் சேனல், அதாவது படத்தின் பச்சை நிற எண்கள் மட்டும், தலைகீழாவது இன்னொரு தொல்லை. ஸ்கைரிம் எதிர்பார்ப்பது டைரக்ட்எக்ஸ் முறை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் கொடுப்பது ஓபன்ஜிஎல் முறை. இரண்டுக்கும் பச்சைச் சேனல் எதிரெதிர். மாற்றாமல் போட்டால் ஆணித் தலைகள் குழியாகவும் கீறல்கள் மேடாகவும் தெரியும். சிலருக்கு அது உடனே உறைக்காது. ‘என்னமோ சரியில்லை’ என்று மட்டும் தோன்றும், வேறு எதை எதையோ திருத்திக்கொண்டிருப்பார்கள். சோதிக்க எளிய வழி: பச்சைச் சேனலை மட்டும் தனியாகத் திறந்து, மேடாக இருக்க வேண்டிய ஓர் ஆணியைப் பாருங்கள். கீழிருந்து வெளிச்சம் அடிப்பது போல ஆணியின் கீழ்ப்பக்கம் வெளுத்திருந்தால் டைரக்ட்எக்ஸ். மேல்பக்கம் வெளுத்திருந்தால் ஓபன்ஜிஎல், அந்தச் சேனலை மட்டும் இன்வெர்ட் செய்துவிட்டால் முடிந்தது.

பளபளப்பு விஷயம் ஸ்கைரிமின் தனிக் குணம். எந்த இடம் எவ்வளவு மின்ன வேண்டும் என்பதை நார்மல் மேப்பின் ஆல்ஃபா சேனலில் (சிவப்பு, பச்சை, நீலத்தோடு வரும் நான்காவது சேனல்) ஒளித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளை என்றால் முழு மினுமினுப்பு, கறுப்பு என்றால் மினுமினுப்பே இல்லை. ஆல்ஃபா இல்லாமல் சேவ் செய்தால் எல்லா இடமும் வெள்ளை என்றே எஞ்சின் எடுத்துக்கொள்ளும். தோல் பை, மரப் பிடி, கம்பளி எல்லாம் எண்ணெயில் முக்கி எடுத்த பஜ்ஜி போல மின்னும். ‘என் மாடில் எல்லாமே பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது’ என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். மனித உடல்களின் நார்மல் மேப் வேறு வகை, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஃபோட்டோவிலிருந்து ஒரே சொடுக்கில் நார்மல் மேப் செய்துதரும் கருவிகளை நம்பி ஏமாறாதீர்கள். அவை கறுப்பைப் பள்ளம் என்றும் வெளுப்பை மேடு என்றும் ஊகிக்கும். என் அரிவாளில் துரு கருப்பு, ஆனால் நிஜத்தில் துருதான் உப்பி மேலே நிற்கும். கருவி அதைக் குழியாக்கிவிட்டது.

நான்காயிரத்துச் சொச்சத்தில் ஒரு கரண்டி

4096க்கு 4096 என்றால்தான் தரம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுருக்காமல் வைத்தால் ஒரு புள்ளிக்கு 4 பைட், மொத்தம் 64 எம்பி. பிசி7 முறையில் சுருக்கினால் புள்ளிக்கு 1 பைட், 16 எம்பி. மிப்மேப்புகள் (தூரத்துக்கான சிறிய நகல்கள், கீழே வரும்) சேர்ந்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடி 21 எம்பிக்கு மேல். இதே அளவில் நார்மல் மேப்பும் வேண்டும் என்றால் ஒரு பொருளுக்கு 42 எம்பியைத் தாண்டும். அதுவும் மேசையில் கிடக்கும் ஒரு மரக் கரண்டிக்கு! 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் ஒரு சத்திரத்துக்குள் நுழைந்தால் கேம் திக்கித் திணறுவதில் வியப்பில்லை. திரையில் அந்தப் பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். கரண்டிக்கு 512 தாராளம். முகத்துக்கு நேரே பிடிக்கும் வாளுக்கு 2048. 512 படத்தை இழுத்து 4096 ஆக்குவதைப் பற்றி என்ன சொல்ல, பாலில் தண்ணீர் ஊற்றி லிட்டர் கணக்கைக் கூட்டுவதுதான்.

அளவு எப்போதும் இரண்டின் அடுக்கு வரிசையில் இருக்கட்டும்: 512, 1024, 2048. ஆயிரத்துக்கு ஆயிரம் வேண்டாம்.

கேம் படிக்கும் டிடிஎஸ் ஃபைலாக சேவ் செய்யும்போது எந்தச் சுருக்கம் என்பதில் தடுமாற வேண்டாம். ஆல்ஃபா தேவைப்படாத நிறப் படத்துக்கு பிசி1 போதும். நார்மல் மேப்புக்கு அதைப் போடாதீர்கள். பிசி1 ஒவ்வொரு 4க்கு 4 கட்டத்தையும் இரண்டு நிறங்களுக்கு இடையில் அடக்கிவிடும், வழவழப்பான உலோகம் படிப்படியாகக் கட்டம் கட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு பிசி7 நல்லது. ஆனால் பிசி7ஐப் படிக்க டைரக்ட்எக்ஸ் 11 வேண்டும், அதனால் பழைய 2011 ஸ்கைரிமுக்கு ஆகாது. அதற்கு பிசி3தான். பெயிண்ட் டாட் நெட்டிலும் மைக்ரோசாஃப்டின் டெக்ஸ்கான்விலும் பிசி7 சேவ் செய்யலாம்.

இந்தச் சுருக்கங்கள் எல்லாமே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தின்னும். டிடிஎஸ்ஸைத் திறந்து திருத்தி, மறுபடி டிடிஎஸ்ஸாக்கி, மறுநாள் அதையே திறப்பது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது. லேயர்களோடு மூல ஃபைலைத் தனியாக வையுங்கள். ஜேபெக்கை நடுவில் எங்கேயும் கொண்டுவராதீர்கள்.

தூரத்தில் மினுக்கும் தரை, விளிம்பில் வெள்ளைக் கோடு

பொருள் தூரத்தில் இருக்கும்போது எஞ்சின் பெரிய படத்தை எடுக்காது, அதன் சிறிய நகல்களை எடுக்கும். 2048 படத்துக்கு 1024, 512 என்று பாதி பாதியாக ஒற்றைப் புள்ளி வரை, மொத்தம் 12 படிகள். இவைதான் மிப்மேப். சேவ் செய்யும்போது அந்தப் பெட்டியைக் குறிக்க மறந்தால் தூரத்துப் புல்வெளியும் ஓட்டுக் கூரையும் நடக்கும்போதெல்லாம் மணல் கொதிப்பது போல மினுக்கும். ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் இது தெரியாது, நடந்தால்தான் தெரியும்.

சிறிய நகல் செய்யும்போது பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலக்கும். யூவித் துண்டுகளுக்கு வெளியே வெள்ளைப் பின்னணியை அப்படியே விட்டிருந்தால் அந்த வெள்ளை உள்ளே கசிந்து, வாளின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடாக நிற்கும். துண்டின் ஓர நிறத்தையே வெளியே சில புள்ளிகள் தள்ளிப் பரப்பிவிடுங்கள். இலை, முடி போன்ற ஓட்டை உள்ள படங்களில் இது இன்னும் தொந்தரவு. ஃபோட்டோஷாப்பில் பிஎன்ஜியாகச் சேமித்தால் முழுக்க ஒளிபுகும் இடங்களில் இருந்த நிறம் போய்விடும். டிஜிஏவாகச் சேமித்து ஆல்ஃபாவைத் தனிச் சேனலில் வைத்தால் இலைக்கு வெளியே பரப்பிய பச்சை பத்திரமாக இருக்கும்.

அனுமதி பற்றி இரண்டு வரி. தேடலில் கிடைத்த கல்லும் மரமும் யாரோ ஒருவர் எடுத்த ஃபோட்டோ. பாலி ஹேவன், ஆம்பியன்ட்சிஜி தளங்கள் இரண்டும் யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய சிசி0 உரிமத்தில் தருகின்றன, அங்கே எடுத்துக்கொள்ளுங்கள். வேறொருவரின் மாடைத் திருத்தியிருந்தால் அவரிடம் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

சோதிக்க, முதன்மை மெனுவிலேயே கட்டளை அடிக்கும் கன்சோலைத் திறந்து சிஓசி, ஓர் இடைவெளி, க்யூஏஸ்மோக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் கேமை உருவாக்கியவர்களின் சோதனை அறைக்குப் போய்விடலாம். கேமில் உள்ள பொருட்கள் பெட்டி பெட்டியாக அங்கே இருக்கும். ஆனால் அந்த அறையின் வெளிச்சத்தை மட்டும் நம்பாதீர்கள். வாளை எடுத்துக்கொண்டு வெளியே போய் மதியத்தில் ஒரு முறை, டி அழுத்திக் காத்திருந்து நள்ளிரவில் ஒரு முறை, பிறகு குகைக்குள் டார்ச்சோடு ஒரு முறை. திண்ணை நிழலில் எடுத்த என் அரிவாள் துரு பகலில் துருவாகவே இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் சாக்லேட் பூசியது போல இருந்தது. செம்மையைக் கொஞ்சம் குறைத்து, ஆல்ஃபாவில் துரு இருக்கும் இடங்களை இன்னும் கறுப்பாக்கி, நான்காவது முறை சேவ் செய்தபோதுதான் குகையிலும் அது இரும்பாகத் தெரிந்தது.