தோற்ற இரவில் விதி எழுத வேண்டாம்

குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவங்களில் வரும். ஆனியிலும் ஐப்பசியிலும் வெளியே இறங்க முடியாத மாலைகளில், தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சூழப் பலகை ஆட்டம் விரியும். ஆட்டம் முடிவதற்குள் யாராவது ஒருவர் ஒரு விதியை மாற்றச் சொல்வார். அப்படி நாங்கள் மாற்றியவற்றில் பெரும்பாலானவை மறுவாரமே கைவிடப்பட்டன. அந்த விதி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பாராமலே அதைப் பிடுங்கியதுதான் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் காரணம்.

1995-ல் ஜெர்மனியில் வெளிவந்த கட்டான் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். எண்ணிட்ட நிலங்களை ஒட்டி வீடும் நகரமும் கட்டி, பகடையில் அந்த எண் விழும்போது விளைபொருள் சீட்டுகளைப் பெறும் ஆட்டம் அது. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 7 விழுந்தால், கையில் 7 சீட்டுகளுக்கு மேல் வைத்திருப்பவர்கள் பாதியை இழப்பார்கள். உருட்டியவர் கள்ளன் என்ற காயை நகர்த்தி, அவன் நிற்கும் நிலத்தின் விளைச்சலை முடக்கி, அதை ஒட்டி வீடு கட்டியிருக்கும் ஒருவரிடமிருந்து ஒரு சீட்டை உருவுவார். தொடர்ந்து மூன்று முறை பறிகொடுத்த என் மச்சினன் கொதித்துப்போக, அன்றிரவே கள்ளனைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, 7 விழுந்தால் மறுபடி உருட்டுவது என்று முடிவு செய்தோம். அடுத்த ஆட்டத்தில் ஒருவர் 12 சீட்டுகளை அச்சமின்றிச் சேர்த்து வைத்து ஒரே முறையில் இரண்டு நகரங்களைக் கட்டினார். முன்னே ஓடியவரைத் தடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. 25 வளர்ச்சிச் சீட்டுகளில் 14 சீட்டுகள் கள்ளனை நகர்த்தும் வீரர்கள் என்பதால், அவற்றை விலை கொடுத்து வாங்குவதற்கும் பாதிக் காரணம் போயிற்று. பதுக்கலுக்குத் தண்டனை, முந்தியவருக்குக் கடிவாளம், வீரர்களுக்கு வேலை ஆகிய மூன்றையும் எரிச்சலூட்டிய அந்த ஒரே காய்தான் சுமந்துகொண்டிருந்தது.

மூல விதியைச் சரியாக வாசிக்காமல் அதைத் திருத்துவதும் பரவலான தவறு. மனைகளை வாங்கி வாடகை வசூலிக்கும் மோனோபொலியில் வரிப்பணத்தை நடுவில் குவித்து, ‘இலவச நிறுத்தம்’ (Free Parking) என்ற கட்டத்தில் வந்து நிற்பவருக்குக் கொடுப்பதையே பலர் விதி என்று நம்புகிறார்கள். உண்மையில் அங்கே ஒன்றும் கிடைக்காது. வந்தவர் வாங்க மறுத்த மனை உடனே ஏலத்துக்கு வர வேண்டும் என்பதோ மறந்தேபோகிறது. பணம் பெருகி, மனைகள் விலைபோகாமல் கிடக்க, ஆட்டம் நள்ளிரவைத் தாண்டுகிறது; பிறகு அதைச் சுருக்க நாமாக உண்டாக்கும் இன்னொரு விதி பிறக்கிறது. பெட்டியில் உள்ள 32 வீடுகள் தீர்ந்ததும் சட்டைப் பொத்தானை வைத்துக் கட்டுவதும் இந்த வகைதான். வீட்டுப் பற்றாக்குறையை உண்டாக்கி எதிராளியைத் திணறடிப்பது அந்த ஆட்டத்தின் நல்ல உத்திகளில் ஒன்று.

சோதிக்கும்போது இரண்டு மாற்றங்களை ஒன்றாக நுழைத்தால், எது பலித்தது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது. ஒரே ஆட்டத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது அதைவிட மோசம். இரண்டு பகடைகளை 60 முறை உருட்டும் ஒரு கட்டான் ஆட்டத்தில் 12 ஒருமுறைகூட விழாமல் போவதற்கு ஏறத்தாழ 18 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த எண்ணை நம்பிக் கட்டியவர் தோற்றதற்குப் புதிய விதி பொறுப்பாகாது. யார் எந்த வரிசையில் ஆடினார், எத்தனை சுற்றில் ஆட்டம் முடிந்தது, வெல்லப்போவது யார் என்பது எப்போது தெரிந்துவிட்டது என்ற மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். 3 புலிகளும் 15 ஆடுகளும் மோதும் ஆடு புலி ஆட்டம் போல இரு தரப்பும் சமமில்லாத ஆட்டமாக இருந்தால், அதே இருவர் பக்கம் மாற்றி ஆடிப் பார்க்காமல் புலிக்குச் சலுகை, ஆட்டுக்குச் சலுகை என்று பேசுவதில் பொருளில்லை. கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து இருவர் ஆடும் கோ ஆட்டத்தில் முதலில் ஆடும் கறுப்புக்கு எதிராக வெள்ளைக்குத் தரும் ஈட்டுப்புள்ளி ஜப்பானில் 4.5 ஆக இருந்து, 5.5 ஆகி, 2002-ல் 6.5 ஆயிற்று. தொழில்முறை ஆட்டக்காரர்களே இத்தனை காலம் எடுத்துக்கொண்ட கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட நினைப்பது சற்று அதிகம்தான்.

சோதனைக்கு அழைப்பவர்கள் விட்டுக்கொடுத்து ஆடும் நல்லவர்களாக இருந்தால் ஓட்டை தெரியாது. விதியை எப்படி வளைத்து வெல்லலாம் என்றே யோசிக்கும் ஒருவர் அவசியம். எங்கள் கூட்டத்தில் அது என் சின்ன மகள்.

கள்ளனைத் திரும்ப வைத்த பிறகு, முதல் இரண்டு சுற்றுகளில் மட்டும் 7 விழுந்தால் மறுபடி உருட்டுவது என்று சுருக்கிக்கொண்டு, அதைப் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டினோம். மார்த்தாண்டத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, தொடக்கத்தில் வீடு வைப்பதும் ஒரு சுற்றா என்று கேட்டார். அதன் கீழே இப்போது இன்னொரு வரி இருக்கிறது: ‘பகடை உருட்டத் தொடங்கிய பின்பே சுற்று எண்ணப்படும்.’